ரெட்மி 13 5ஜி: 108 மெகாபிக்சலுக்காக வேண்டாம், 33 வாட்டுக்காக வாங்கலாம்

ரெட்மி 13 5ஜி வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது கையில் என்ன போன் இருக்கிறது? ரெட்மி 12 5ஜி என்றால் வேண்டாம், காசு கையிலேயே இருக்கட்டும். நாலைந்து வருடம் ஓடிக் களைத்த 4ஜி போன் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்கிற காரணத்துக்காக வாங்காதீர்கள். அவர் 108 மெகாபிக்சல் கேமரா என்றுதான் ஆரம்பிப்பார், பெட்டியிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். இந்தப் போனில் நம் வாழ்க்கைக்கு உருப்படியாகக் கூடியிருப்பது சார்ஜ் ஏறும் வேகம். ஐப்பசி கார்த்திகையில் கரண்ட் எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாத டெல்டா ஊர்களுக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். சித்தப்பாவிடம் 12 5ஜி, என்னிடம் 13 5ஜி. இரண்டும் ஒரே வரப்பில், ஒரே வெயிலில், ஒரே டவரின் கீழ் புழங்குகிற போன்கள் என்பதால் எது கூடியிருக்கிறது, எது பெயருக்குக் கூடியிருக்கிறது என்று பக்கத்தில் வைத்தே பார்க்க முடிந்தது.

முதலில் எது கூடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 12 5ஜி 2023 ஆகஸ்டில் வந்தது, 13 5ஜி 2024 ஜூலையில் வந்தது. இரண்டிலும் இருப்பது ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 சிப்தான். புதியதில் 'ஆக்சிலரேட்டட் எடிஷன்' என்று சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், அதற்கு அர்த்தம் 2.2 கிகாஹெர்ட்ஸ் 2.3 ஆகியிருக்கிறது என்பது மட்டுமே. இரண்டு பெரிய கோர், ஆறு சின்ன கோர், 4 நானோமீட்டர், எல்லாம் அதே. சித்தப்பா என் போனை வாங்கி வாட்ஸ்அப்பைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, ஒன்னோடது என்னோடதவிட வேகமா தொறக்குதா?" என்றார். "இல்ல சித்தப்பா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன், அதுதான் உண்மை. ஒரே ஒரு வித்தியாசம் தெரிகிறது, அதற்கும் சிப்புக்கும் சம்பந்தமில்லை. அவருடையது 4 ஜி.பி. ராம், என்னுடையது 6 ஜி.பி. அவர் பணம் அனுப்பும் செயலியில் இருந்து ஒரு போன் காலுக்குப் போய்விட்டுத் திரும்பினால் சில நேரம் செயலி முதலில் இருந்து திறக்கிறது, மறுபடி பின் நம்பர் கேட்கிறது. 6 ஜி.பி.யில் அது குறைவு. 13 5ஜியில் 4 ஜி.பி. வகையையே விடவில்லை, 6 அல்லது 8 மட்டும்தான். நல்ல முடிவு. ஆனால் விலை தொடங்குகிற இடமும் அதனால் மேலே போய்விட்டது, அதைக் கீழே சொல்கிறேன்.

திரை இரண்டிலும் 6.79 அங்குலம், எல்.சி.டி. திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு 90 ஹெர்ட்ஸில் இருந்து 120 ஆகியிருக்கிறது. விரலால் தள்ளும்போது கொஞ்சம் வழுக்கலாகப் போகிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது, அம்மாவிடம் இரண்டையும் கொடுத்தால் அவருக்குத் தெரியவில்லை. இதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, சார்ஜருக்கு வருவோம்.

12 5ஜி 18 வாட் வரைதான் வாங்கும். பெட்டியில் 22.5 வாட் சார்ஜர் கொடுத்தார்கள், ஆனாலும் போன் எடுத்துக்கொள்வது 18தான். 13 5ஜி 33 வாட் வாங்கும், அதற்கான சார்ஜரும் பெட்டியிலேயே இருக்கிறது. பேட்டரி 5000 எம்.ஏ.எச். இருந்தது 5030 ஆகியிருக்கிறது, அதில் பேச ஒன்றுமில்லை. வீட்டில் பார்த்த அளவில் சித்தப்பா போன் காலியில் இருந்து நிறைய இரண்டு மணி நேரம் வரை எடுக்கிறது, என்னுடையது ஒன்றேகால் மணி நேரத்தில் முடிகிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கு, ராத்திரி செருகிவிட்டுக் காலையில் எடுப்பவர்களுக்கு, இது பெரிய விஷயமாகப் படாது. இங்கே அப்படி இல்லை.

மாதாந்திரப் பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் சாயங்காலம் 5 மணிக்கு வரும், அது முன்கூட்டியே அறிவிக்கப்படுவது, அதற்குத் தயாராக இருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு கணக்கு. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே பாதுகாப்புக்காக லைனை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும், சம்பா நட்ட வயலில் கம்பி அறுந்து விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். இடையில் அரை மணி, முக்கால் மணி கரண்ட் வரும். அந்த அரை மணியில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கேள்வி. 18 வாட்டில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே போகும். 33 வாட்டில் பாதியை ஒட்டி ஏறிவிடுகிறது, பாதி இருந்தால் நம் உபயோகத்துக்கு அன்றைய பொழுது ஓடிவிடும். பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாகவும், 80 விழுக்காட்டைத் தாண்டியதும் மெதுவாகவும் ஏறுவது எல்லா போனுக்கும் இருக்கிற இயல்பு, பேட்டரி கெடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே முழுசாக நிறைய எவ்வளவு நேரம் என்பதைவிட முதல் அரை மணியில் எவ்வளவு என்பதுதான் நமக்கு முக்கியம், போன் வாங்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இங்கே இருந்தவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டுத் திண்ணையில் போன்களை வரிசையாக வைத்துவிட்டு, டீசல் தீர்வதற்குள் நம்முடையது கொஞ்சமாவது ஏறுமா என்று நின்ற காலம் அது. அப்போது இருந்த போன்களில் பெரும்பாலானவை 10 வாட். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளிடம் உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்ல அந்தச் சொச்ச சார்ஜ்தான் இருந்தது. அதனால்தான் இந்த 33 வாட்டை நான் வெறும் வசதியாகப் பார்க்கவில்லை. பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள போனில் சார்ஜரையும் பெட்டியிலேயே வைத்து இதைக் கொடுத்திருப்பது என் கண்ணில் இந்தப் போனின் மிக நல்ல குணம்.

ஒன்றிரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பெட்டியில் வந்த சார்ஜர், பெட்டியில் வந்த ஒயர், இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வேகம். பஸ் ஸ்டாண்டில் விற்கிற ஒயரைச் செருகினால் போன் பாட்டுக்குச் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும், கோளாறு என்று பயப்பட வேண்டாம். அப்புறம் அக்னி நட்சத்திர நாட்களில் ஓட்டு வீட்டு மத்தியான வெக்கையில் சார்ஜ் போட்டால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சூட்டில் இருந்து பேட்டரியைக் காப்பாற்ற. கவரைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் வைத்துப் போடுங்கள், தலையணை மேல் வைக்காதீர்கள்.

இப்போது கேமரா. 108 மெகாபிக்சல் என்பது பொய்யில்லை, ஆனால் அதைப் பார்த்து 12 5ஜியின் 50 மெகாபிக்சலைவிட இரண்டு மடங்கு தெளிவு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சாதாரணமாகப் பொத்தானைத் தட்டினால் 13 5ஜி ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒரு புள்ளியாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. 12 5ஜி நாலு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம் தருகிறது. அதாவது கையில் கிடைக்கிற படம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. 108 முழுசாக வேண்டுமென்றால் தனியாக அந்த முறைக்குப் போய் எடுக்க வேண்டும், அந்தக் கோப்பு பல மடங்கு பெரியது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எப்படியும் நசுக்கித்தான் அனுப்பும். கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்துப் பெரிதாக அச்சுப் போட நினைப்பவருக்கு உதவலாம், எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஆனால் கேமராவில் முன்னேற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பெட்டியில் எழுதிய எண்ணில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. சென்சார் பெரிது, வெளிச்சம் கூடுதலாக வாங்குகிறது, அதனால் பொழுது சாய்ந்த பிறகு களத்தில் நெல் தூற்றும்போது எடுத்த படத்தில் முகம் தெரிகிறது. இன்னொன்று, அத்தனை புள்ளிகள் இருப்பதால் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து 3 மடங்கு ஜூம் தர முடிகிறது, படம் அவ்வளவாகக் கலங்குவதில்லை. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி, கூட்டத்துக்கு வெளியே வீதி ஓரத்தில் நின்றபடியே உச்சிக் கலசத்தை எடுத்தேன், நன்றாக வந்தது. சித்தப்பா போனில் அதே தூரத்தில் இருந்து எடுத்தால் துணி வேலைப்பாடு ஒட்டிப்போய்த் தெரிகிறது.

வயலுக்கு இது இன்னும் பிரயோஜனம். நாங்கள் வேளாண் உதவி அலுவலருக்குப் படம் அனுப்பித்தான் என்ன மருந்து என்று கேட்கிறோம், இப்போது எல்லா ஊரிலும் அப்படித்தான். இலைச்சுருட்டுப் புழுவா, ஆனைக்கொம்பனா, குலை நோயா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால் படத்தில் அது தெரிய வேண்டும். இந்தப் போனில் மிகக் கிட்டே வைத்து எடுக்க 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா ஒன்று தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், 12 5ஜியில் அந்த இடத்தில் 2 மெகாபிக்சல் டெப்த் கேமரா இருந்தது. மேக்ரோ என்றதும் பயிர்ப் படத்துக்கு இதுதான் என்று தோன்றும். வேண்டாம். 2 மெகாபிக்சலில் இலை மேல் இருக்கிற கண் வடிவப் புள்ளியின் ஓரம் கூடச் சரியாக வராது. ஒரு அடி, ஒன்றரை அடி தள்ளி நின்று முக்கிய கேமராவில் 3 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள், நரம்பு நரம்பாக வருகிறது. புகையான் பூச்சி தூரில்தான் உட்கார்ந்திருக்கும், மேலே இருந்து எடுத்தால் பச்சை மட்டும்தான் தெரியும். பயிரை விலக்கிப் பிடித்துத் தூருக்குக் குனிந்து எடுக்க வேண்டும், அங்கே இருட்டு. இந்தப் போனின் பிளாஷ் வளையமாக இருக்கிறது, அதைப் போட்டு எடுத்தால் பூச்சி தெளிவாகத் தெரிகிறது. இரண்டு படம் அனுப்பினேன், உடனே பதில் வந்தது, தேவையில்லாமல் ஒரு மருந்து அடிப்பது மிச்சமானது. என்னைப் பொறுத்தவரை 108 என்ற எண்ணைவிட இந்த 3 மடங்கு ஜூமை விளம்பரம் செய்திருக்கலாம்.

குறை சொல்ல வேண்டுமென்றால் அல்ட்ரா வைடு கேமரா இதிலும் இல்லை. தஞ்சாவூர் பெரிய கோயிலில் விமானத்தை முழுசாகப் பிடிக்கப் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வீடியோ இரண்டிலும் 1080 பி தான், 4கே கிடையாது, ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷனும் இல்லை, நடந்துகொண்டே எடுத்தால் ஆடும். முன் கேமரா 8-இல் இருந்து 13 மெகாபிக்சல் ஆகியிருக்கிறது. துபாயில் இருக்கிற அண்ணனோடு வீடியோ காலில் பேசுவது கேமராவைவிட நெட்வொர்க்கைப் பொறுத்தது என்பதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

மத்தியான வெயிலில் திரை தெரிகிறதா என்று நிறைய பேர் கேட்டார்கள். இரண்டு போனும் இந்த விஷயத்தில் ஒன்றுதான், உச்ச வெளிச்சம் 550 நிட்ஸ், அது வெட்ட வெளியில் போதாது. வரப்பில் நின்று மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்க்க வேண்டுமென்றால் துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னும் இரண்டாயிரம் மூவாயிரம் போட்டால் அமோலெட் திரை வருகிற போன்கள் இருக்கின்றன, பகல் முழுக்க வெளியிலேயே நிற்கிற வேலை என்றால் அந்தக் காசைப் போடுவது நல்லது என்றே நினைக்கிறேன். நாங்கள் காலையிலும் சாயங்காலமும்தான் வயலில் நிற்கிறோம், சமாளித்துக்கொள்ளலாம்.

போன் பெரிது, 205 கிராம் கனம். சட்டை மேல்பையில் போட்டுவிட்டு மடையைத் திறக்கக் குனிந்தால் நழுவும், நேரே வாய்க்காலுக்குப் போகும். ஐ.பி. 53 தரம் இருக்கிறது என்று கடையில் சொல்வார்கள், தண்ணீர் புகாது என்று அதற்குப் பொருளில்லை. 5 என்பது தூசிக்கு, 3 என்பது மேலே இருந்து தெறிக்கிற சாரலுக்கு. தூறலில் எடுத்துப் பேசலாம், அறுவடை மெஷின் பக்கத்தில் சுணையும் தூசியும் பறக்கும்போது வைத்திருக்கலாம், முக்கி எடுக்கக் கூடாது. 12 5ஜிக்கும் இதே தரம்தான். பின்பக்கம் இரண்டிலும் கண்ணாடி. பார்க்க அழகு, குறிப்பாக அந்த நீலம், ஆனால் கவர் போடாமல் களத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். கைரேகை சென்சார் பக்கவாட்டில் இருக்கிறது, சேற்றுக் கைக்கு எந்த சென்சாரும் திறக்காது, பின் நம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் விஷயத்தில் இந்தச் சிப்புக்கு ஒரு நல்ல மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஜியோ தனது 5ஜியை எஸ்.ஏ. முறையில், அதாவது 4ஜி துணையில்லாத தனி 5ஜியாகக் கொடுக்கிறது, ஏர்டெல் என்.எஸ்.ஏ. முறையில், அதாவது 4ஜி கட்டமைப்பின் துணையோடு ஓடுகிற 5ஜியாகத் தொடங்கியது. ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 இரண்டையும் பிடிக்கும். இதைவிட மலிவாக, 2024 நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி வந்தது, அதில் இருப்பது 4எஸ் ஜென் 2, பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அது எஸ்.ஏ. முறையை மட்டும் பிடிக்கும். அது வெளிவந்த சமயத்தில் ஏர்டெல் சிம் போட்டவர்களுக்கு 5ஜி வராத நிலை. விலையை மட்டும் பார்த்து எடுக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். எங்கள் பக்கம் மன்னார்குடி, கும்பகோணம் டவுனுக்குள் 5ஜி நன்றாக இருக்கிறது, உள்ளே கிராமத்துக்கு வந்ததும் 4ஜிதான், சில வரப்புகளில் அதுவும் ஒரு கோடுதான். ஆகவே 5ஜிக்காகப் பழைய போனைத் தூக்கிப் போடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரு நெட்வொர்க் வீட்டில் எடுக்கும், இன்னொன்று வயலில் எடுக்கும் என்பதால் நம்மவர்கள் இரண்டு சிம் வைத்திருப்பார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். சிம் தட்டு இரண்டிலும் ஹைபிரிட், இரண்டு சிம் அல்லது ஒரு சிம்மும் ஒரு மெமரி கார்டும். இரண்டு சிம் போட்டால் கார்டுக்கு இடமில்லை. 12 5ஜியில் 8 ஜி.பி. ராமோடு 256 ஜி.பி. இடம் உள்ள வகை இருந்தது. 13 5ஜி வந்தபோது 6-க்கும் 8-க்கும் ஒரே 128 ஜி.பி.தான் கொடுத்தார்கள். மேம்படுத்திய போன் என்று சொல்லிவிட்டு இடத்தைக் குறைத்திருக்க வேண்டாம். கேமராவைப் பெரிதாக்கிவிட்டு படம் வைக்கிற இடத்தைச் சுருக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. குடும்ப விசேஷம், கோயில் விசேஷம், குழந்தைகள் வீடியோ என்று சேர்கிற வீட்டில் 128 ஒன்றரை வருடத்துக்குள் நிறையும்.

விலை: 12 5ஜி வந்தபோது சலுகை போக 10,999 ரூபாயில் இருந்து என்று விளம்பரம் வந்தது, அது 4 ஜி.பி. வகைக்கு. 13 5ஜி அறிமுகமானபோது 6 ஜி.பி. வகை 13,999, 8 ஜி.பி. வகை 15,499. இடம் ஒரே 128-ஆக இருக்கும்போது 2 ஜி.பி. ராமுக்கு மட்டும் 1,500 கூடுதலாகக் கொடுப்பது தேவையில்லை, விளையாட்டு விளையாடுகிற பிள்ளைகள் கேட்டால் தவிர. 6 ஜி.பி. எடுங்கள். இன்னொன்று, இதே போன்தான் போக்கோ எம்6 பிளஸ் 5ஜி என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் வந்தது. அதே சிப், அதே திரை, அதே 108 மெகாபிக்சல், அதே 33 வாட், பின்பக்க வடிவம்தான் வேறு. 6 ஜி.பி. வகை 13,499-க்கு அறிமுகமானது. சலுகை நாட்களில் இரண்டின் விலையையும் பாருங்கள், எது குறைவோ அதை எடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சின்னச் சின்ன விஷயங்களில் எனக்குப் பிடித்தது, 3.5 மி.மீ. இயர்போன் ஓட்டையை விட்டுவைத்திருக்கிறார்கள். மேலே அகச்சிவப்பு ரிமோட் வசதியும் இருக்கிறது, வீட்டில் டிவி ரிமோட் தொலைந்தால் போனிலேயே மாற்றலாம், அம்மாவுக்கு இந்தப் போனில் பிடித்தது இது ஒன்றுதான். ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, கீழே. டிராக்டர் சத்தத்தில் கேட்காது.

மென்பொருள் பற்றி. 13 5ஜி ஆண்ட்ராய்டு 14-இல் ஹைப்பர் ஓ.எஸ். என்ற கம்பெனியின் சொந்த மென்பொருளோடு வந்தது, 12 5ஜி ஆண்ட்ராய்டு 13-இல் அதன் பழைய மென்பொருளான எம்.ஐ.யு.ஐ. 14-ஓடு வந்தது. புதியதற்கு இரண்டு பெரிய ஆண்ட்ராய்டு மாற்றமும் நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். போனிலேயே வங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த நான்கு வருடம் முக்கியம், இதைப் பெரிய எழுத்தில் போடலாம். குறை என்று பார்த்தால், கேட்காமலே ஏற்றி அனுப்புகிற செயலிகள். பெட்டியைப் பிரித்ததும் உட்கார்ந்து நீக்க வேண்டியதை நீக்குங்கள், பெரும்பாலானவை நீங்கும். நோட்டிபிகேஷனை அணைத்துவிடுங்கள். வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால் இந்த வேலையை முடிக்காமல் கையில் கொடுக்காதீர்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நிற்கிறவர், பி.எம். கிசானுக்கு ஓ.டி.பி. வருகிறதா என்று பார்க்கிறவர், நடுவில் முளைக்கிற விளம்பரத்தைத் தட்டி எங்கேயோ போய்விடுவார். அப்பாவுக்கு நான் செய்து கொடுத்தது இதுதான்: மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, முதல் பக்கத்தில் போன், வாட்ஸ்அப், கேமரா, உழவன் செயலி நான்கையும் மட்டும் வைத்தேன். விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் என்று காட்டினேன், இப்போது அவரே அத்தைக்குச் செய்தி அனுப்புகிறார்.

சித்தப்பா கேட்டார், மாற்றட்டுமா என்று. "வேணாம் சித்தப்பா. ஒங்க போனுக்கு ஒண்ணும் ஆவல. மழைக்கு முன்னாடி ஒரு நல்ல பவர் பேங்க் வாங்கி வச்சுக்குங்க, அது போதும்" என்றேன். பத்தாயிரம் எம்.ஏ.எச். பவர் பேங்க் இருந்தால் அவர் போன் ஒரு முறை முழுசாக நிறைந்து அதற்கு மேலும் கொஞ்சம் ஏறும், செலவு புதுப் போனில் பத்தில் ஒரு பங்கு. அவருக்குச் சார்ஜ் ஏறும் வேகத்தைத் தவிர வேறு பெரிய குறை ஏதும் இல்லை, அதைப் பவர் பேங்க் சரிக்கட்டிவிடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் இருந்தது பழைய 3 ஜி.பி. ராம் போன், தொங்கித் தொங்கி நின்றது, பேட்டரி உப்ப ஆரம்பித்திருந்தது. அவரிடம் உடனே மாற்றச் சொன்னேன், 13 5ஜிதான் வாங்கினார்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெம்பர்டு கிளாஸ், கவர், அது இது என்று பில்லில் சேர்ப்பார்கள், முதலில் போனுக்கு மட்டும் விலை கேளுங்கள், மற்றதை வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பெட்டியை அங்கேயே பிரித்து 33 வாட் சார்ஜர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், ஒயரையும் பாருங்கள். *#06# அடித்தால் போனின் அடையாள எண்களான ஐ.எம்.இ.ஐ. எண்கள் வரும், பெட்டியில் இருப்பதும் பில்லில் எழுதியதும் அதோடு ஒத்திருக்க வேண்டும். பில்லைப் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணைத்தான் கேட்பார்கள்.